பெட்டி வந்தாச்சு, உள்ளே வாங்க!

"வெள்ளைதான் சார்! வெள்ளையாவேதான் இருக்கு!"

லாரியின் பின்பக்கம் தொற்றி ஏறிய ஆய்வு மாணவி ஒருத்தி கத்துகிறாள். கீழே வேதியியல் துறை மொத்தமும் திரண்டு நிற்கிறது. துறைத்தலைவர், லேப் அசிஸ்டென்ட், முதலாண்டுப் பிள்ளைகள், இயற்பியல் துறையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர், கேன்டீன் அண்ணன்கூட இருக்கிறார். மரப்பெட்டியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்டிக்கர். அதற்குள் ஒரு மெல்லிய குழாய். வழியில் யாராவது பெட்டியைத் தொப்பென்று போட்டிருந்தால் குழாய் சிவந்துவிடும். பெட்டி சாய்ந்ததா என்று காட்டிக்கொடுக்க இன்னொரு ஸ்டிக்கர். துறைமுகம், கிடங்கு, மதுரை, பரமக்குடி, இடையில் வந்த அத்தனை வேகத்தடைகள், எல்லாம் தாண்டியும் குழாய் வெள்ளையாகவே இருக்கிறது. கைதட்டல் எழுகிறது. கூட்டத்தோடு நானும் தட்டினேன். என் கண் ஏன் கலங்கியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் கடலோரக் கல்லூரி ஒன்றில் நான் பார்த்த காலை அது. பெட்டிக்குள் இருப்பது எஃப்டிஐஆர். அகச்சிவப்பு ஒளியைப் பொருளுக்குள் செலுத்தி, எந்தெந்த இடத்தில் அந்த ஒளி விழுங்கப்பட்டது என்று கோடு வரைந்து தரும் நிறமாலைமானி. மூலக்கூறுகள் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. பிணைப்புகள் நீள்கின்றன, சுருங்குகின்றன, வளைகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். தன் தாளத்துக்குப் பொருந்தும் ஒளி வந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். 4000இலிருந்து 400 அலை எண் வரை ஓடும் அந்தக் கோட்டில், பிடிபட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். பள்ளங்களைப் படிக்கத் தெரிந்தால் பொருளைப் படித்துவிடலாம். ஆய்வேட்டில் இதற்கெல்லாம் கிடைப்பது ஒரே ஒரு வரி: இன்ன கருவியில் நிறமாலை பதிவு செய்யப்பட்டது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடக்கும் திருவிழாவுக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள்.

முதலில் அலுவலக அறை. பேப்பர் வேலைதானே என்று முகம் சுளிக்காதீர்கள், பாதி சாகசம் இங்கேதான் நடக்கிறது! கருவி வாங்கப் பணம் பெரும்பாலும் டெல்லியிலிருந்து வரவேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டம் எத்தனையோ கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளுக்கு முதல் பெரிய கருவியைத் தந்திருக்கிறது. விண்ணப்பம் எழுதி, நிபுணர் குழு முன்னால் நின்று பேசி, பணம் வந்ததும் ஸ்பெசிஃபிகேஷன் எழுத உட்காருவார்கள். ஒரே ஒரு கம்பெனியின் கருவிக்கு மட்டும் பொருந்தும்படி அதை எழுதிவிடக்கூடாது. ஆனால் வேண்டியது வராமலும் போய்விடக்கூடாது. புரூக்கர், ஷிமாட்ஸு, பெர்க்கின் எல்மர், தெர்மோ ஃபிஷர் என்று நாலு பேரும் வந்து போட்டி போட இடம் வைத்து, நமக்குத் தேவையான நுணுக்கத்தில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் எழுதுவது தனிக் கலை. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வழிநடத்தும். டெக்னிக்கல் உறை முதலில் திறக்கப்படும், விலை உறை பிறகு. தகுதியில் தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவர்தான் எல்ஒன், ஆர்டர் அவருக்கு.

மத்திய அரசு நிறுவனங்களில் கதை இன்னும் சூடு. 2020 மே மாதம், 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் விடக்கூடாது என்று விதி வந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் இங்கே செய்யப்படாத கருவிகளுக்கு அனுமதி வாங்கவே மாதங்கள் கரைந்தன. 2025 ஜூனில் நிதி அமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்குக் கதவைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. உலகளாவிய டெண்டருக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்குமே வந்தது. அந்தச் செய்தி வந்தபோது ஆய்வகங்களில் இருப்பவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நான் தொலைபேசியிலேயே கேட்டேன். ஆய்வு மாணவரின் காலம் அளந்து வைத்த காலம். கருவி இரண்டு வருடம் தள்ளி வந்தால் அவருடைய உதவித்தொகையில் ஏறக்குறையப் பாதி காத்திருப்பிலேயே போய்விடும்.

சரி, நம் கல்லூரியின் ஸ்பெசிஃபிகேஷனுக்கு வருவோம். அதில் ஒரு வரிக்காக இரண்டு பேராசிரியர்கள் ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள். நான் கேட்டதிலேயே இனிமையான சண்டை அது. விஷயம் இதுதான்: எஃப்டிஐஆரின் இதயம் உப்பால் ஆனது.

நிஜமாகவே உப்பு! சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை வழிமறித்துவிடும். பொட்டாசியம் புரோமைடு என்கிற உப்பு வழிவிடும். அதனால் ஒளியை இரண்டாகப் பிரிக்கிற தகட்டை அந்த உப்புப் படிகத்தில் செய்து, மேலே மெலிதாக ஜெர்மானியம் பூசுகிறார்கள். பிரிந்த ஒளியில் ஒரு பாதி அசையாத கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மறுபாதி, முன்னும் பின்னும் நகரும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் மறுபடி சேரும்போது கூடியும் குறைந்தும் ஒரு சிக்கலான அலை கிடைக்கும். நகரும் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதை 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒன்று கணம் விடாமல் அளந்துகொண்டே இருக்கும். அந்தச் சிக்கலைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியேவின் பெயரால் வழங்கும் கணக்கு பிரித்தெடுத்து நிறமாலையாக்கும். இத்தனை நுட்பமும் நிற்பது ஓர் உப்புத் தகட்டின்மேல். உப்பு என்றால் ஈரம் இழுக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்ததுபோல மங்கிவிடும். இந்தக் கருவியை நாம் கொண்டுவருவதோ கச்சான் காற்று கடலை அள்ளிக் கரையில் தெளிக்கும் ஊருக்கு!

ஜிங்க் செலினைடில் செய்த தகடும் உண்டு. ஈரத்துக்கு அஞ்சாது. "அதையே கேட்போம்" என்றார் பாசி ஆராயும் பேராசிரியை. "கூடவே கூடாது" என்றார் துரு ஆராயும் பேராசிரியர். இருவர் சொன்னதும் நியாயம். ஜிங்க் செலினைடு 500 அலை எண்ணுக்குக் கீழே ஒளியை விடாது. பாசியின் கதை 700க்கு மேலேயே முடிந்துவிடுகிறது. துருவின் கதையோ, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தாடும் ஆட்டம், பெரும்பகுதி 700க்குக் கீழே, 400 வரைக்கும் ஓடுகிறது. கடைசியில் உப்புத் தகடே வென்றது. கூடவே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும், இரவு பகல் ஓடும் ஏசியும், அதற்கு யூபிஎஸ்ஸும் பட்டியலில் ஏறின. பாசி பேராசிரியை விட்டுக்கொடுத்ததற்கு ஒரே நிபந்தனை வைத்தார்: கருவி வந்ததும் முதல் சாம்பிள் என்னுடையது.

இந்தக் கரையில் துரு ஒன்றும் சின்ன விஷயமில்லை. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியது. அதன் பக்கத்தில் எழும்பிய புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபத்தில் அரிமான ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துவிட்டு, அவை எப்படிக் கரைகின்றன என்று பார்க்கிறார்கள். துருவில்தான் எத்தனை ஜாதி! அகாகனைட் என்றொரு துரு, குளோரைடு இருக்கும் இடத்தில்தான் உருவாகும். லேசர் ஒளி பட்டுச் சிதறுவதைப் படிக்கும் ராமன் நிறமாலையில் அதைக் கண்டுவிட்டால், இந்த இரும்பைக் கடல் தொட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் லேசரைக் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டால் அந்தச் சூட்டிலேயே துரு வேறு துருவாக மாறிவிடும். சாட்சியை மிரட்டினால் சாட்சி மாறிவிடுவதுபோல. அதனால் மெல்ல, மிக மெல்ல ஒளி பாய்ச்சுவார்கள்.

சிக்ரி என்றதும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகவேண்டும். காரைக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டம். தேசிய ஆய்வுக்கூடங்கள் எந்தெந்த ஊரில் வரும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்து நீட்டினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலை ஒட்டி, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஒரு தனிமனிதர் கொடுத்த பணத்தால் மின்வேதியியலின் தேசிய ஆய்வகம் பொட்டல் வெளிக்கு வந்தது. இன்று அந்த வளாகத்தில் நிறமாலைக் கருவிகள் வரிசைகட்டி நிற்கின்றன. நான் மாணவனாக இருந்தபோது எங்கள் கல்லூரியில் நல்ல ஐஆர் கிடையாது. சாம்பிளைச் சின்னக் குப்பியில் போட்டு, மூடியில் பாராஃபின் தாள் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, பஸ் ஏறி வெளியூர் போவோம். ஒருமுறை வியர்வையில் லேபிள் அழிந்து, மூன்று குப்பிகளில் எது எது என்று தெரியாமல் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த முறை அது. வெள்ளைக் குழாய் வெள்ளையாகவே இருந்த காலையில் எனக்குக் கண் கலங்கியது அதனால்தான்.

இப்போது கருவி அறைக்குள் வருகிறோம். பெட்டியை உடனே திறக்கமாட்டார்கள். சர்வீஸ் இன்ஜினியர் வரவேண்டும். வந்தவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக பிளக் பாயின்ட்டுக்குப் போனார்! நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார். இரண்டு வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். கட்டடத்துக்கு வெளியே அதற்கென்று தனியாகக் குழி வெட்டி, செம்புத் தகடு புதைத்து, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு எர்த் எடுத்திருக்கிறார்கள். இங்கேயும் உப்பு! கருவிக்குள்ளே ஓர் உப்பு, வெளிக்காற்றில் ஓர் உப்பு, மண்ணுக்குள் இன்னொரு உப்பு. எனக்குத் தலை சுற்றாத குறை.

மீட்டர் சம்மதித்தது. ஆணிகள் கழன்றன. மரம், பிறகு தெர்மோகோல், பிறகு வெள்ளிநிறத் தாள், அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் போட்டோ எடுக்கிறார்கள், பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் காட்டவேண்டுமே. கருவி மேசையில் ஏறியதும் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சந்தனம் குங்குமத்தோடு வந்துவிட்டார். கருவியின் நெற்றி போன்ற இடத்தில் ஒரே ஒரு பொட்டு. கற்பூரம் மட்டும் வராந்தாவில். புகை ஒளிப்பாதைக்குள் போய்விடக்கூடாது என்று இன்ஜினியர் சொன்னதும், "அது எங்களுக்குத் தெரியும் தம்பி, ஆயுதபூஜைக்குக்கூட இந்த ரூமுக்குள்ள பொரிதான்" என்றார் அவர்.

முதல் சோதனைக்குப் பாசியை வைக்கமாட்டார்கள். பாலிஸ்டைரீன் பிலிம் ஒன்று ஒவ்வொரு கருவியோடும் வரும். அதன் ஒரு பள்ளம் 1601இல் விழவேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்கு. 1601இல் விழுந்தது. அதற்கு முன்னால், எதுவும் வைக்காமல் வெறும் காற்றைப் பதிவு செய்கிற சடங்கு. திரையில் 3600க்குப் பக்கத்திலும் 1600க்குப் பக்கத்திலும் புல் முளைத்ததுபோலச் சின்னச் சின்னக் கோடுகள். "என்ன சார் இது?" என்று முதலாண்டுப் பையன் கேட்டான். அது இந்த ஊர்க் காற்றின் ஈரம். வாடையும் கச்சானும் கொண்டுவந்த நீராவி தன் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறது. இன்ஜினியர் கருவியின் மூடியைத் தூக்கி, "இங்க ஊதுங்க தம்பி" என்றார். பையன் ஊதினான். 2350 அருகே ஒரு பள்ளம் கிடுகிடுவென்று இறங்கியது. அவன் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு! அப்புறம் ஆளாளுக்கு ஊதினார்கள். துறைத்தலைவரும் ஊதினார். நானும்தான்.

பாசிக்கு வருவோம். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைமேல் சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் பாறை அறுக்காமலிருக்கச் சுற்றிய துணி, காலில் துடுப்புபோல ஒரு தகடு. மூச்சைப் பிடித்து முங்கினால் கை நிறையப் பாசியோடு எழுவார்கள். அவர்களுக்குப் பாசிகளின் பெயர் தெரியும். புத்தகப் பெயரைவிட அழகான பெயர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. இவற்றில் முதல் இரண்டிலிருந்து அகர் வரும், மற்ற இரண்டிலிருந்து ஆல்ஜினேட். கயிற்றிலும் மூங்கில் தெப்பத்திலும் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸை இங்கே பெப்சி பாசி என்பார்கள். அந்த நிறுவனம்தான் ஆரம்பத்தில் மண்டபம் பகுதியில் அதை வளர்க்க வைத்தது. குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் மண்டபம் நிலையம் அந்தப் பாசியை இந்தக் கடலுக்குப் பழக்கியது. 2023இல் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள், 127 கோடி ரூபாய்த் திட்டம். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மை தருவதற்குச் சேர்க்கும் கராகீனன், இந்தப் பெப்சி பாசிக்குள்தான் இருக்கிறது.

சாம்பிள் தயாராவதைப் பார்ப்பதற்கே டிக்கெட் போடலாம். காயவைத்துப் பொடித்துச் சாறெடுத்த பாசி ஒரு மில்லிகிராம். அதோடு நூறு பங்கு பொட்டாசியம் புரோமைடு. அகேட் உரலில் போட்டு, விளக்கின் சூட்டுக்குக் கீழே, மாவு மாதிரி ஆகும்வரை அரைக்கவேண்டும். கை நடுங்கக்கூடாது, பேசவும் கூடாது, மூச்சின் ஈரம் விழுந்துவிடும். அச்சில் போட்டு எட்டு, பத்து டன் அழுத்தம் கொடுத்தால் பத்துப் பைசா அளவுகூட இல்லாத ஒரு வில்லை வரும். நன்றாக வந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பாசி ஆராயும் மாணவிக்கு முதல் வில்லை கைக்கு வருவதற்குள் பால்போல மங்கிவிட்டது. இரண்டாவதும் மங்கியது. "வெளிய மழை மேகம் போட்டிருக்கு மேடம், அதான்" என்றாள். மூன்றாவது வில்லை தெளிந்து வந்ததும் ஓடினாள். ஐந்து மீட்டர் தூரம்தான், ஆனால் ஓடினாள்!

கோடு வரையத் தொடங்கியது. 1250ஐ ஒட்டி அகலமான பள்ளம்: சல்ஃபேட். 930இல் ஒன்று: அன்ஹைட்ரோ கேலக்டோஸ். அதற்கு அடுத்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த இடம், 845. விழுந்தது! கேலக்டோஸின் நான்காம் இடத்தில் சல்ஃபேட் உட்கார்ந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. மரிக்கொழுந்தின் அகரில் 930 வரும், 845 வராது. 805இல் இன்னொரு பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் அயோட்டா வகை, மென்மையாக வளையும் ஜெல். இங்கே 805 வெறிச்சோடிக் கிடந்தது. ஆகவே இது கப்பா, கெட்டியாக உறைகிற ஜாதி. பாசி பேராசிரியை திரையில் 845ஐத் தொட்டுக் காட்டினார், வீட்டுக் குழந்தை முதல் எழுத்து எழுதியதைக் காட்டுவதுபோல. எந்த மாதம் அறுத்த பாசி, எந்தக் கரைப் பாசி, எந்தச் சூட்டில் காரம் சேர்த்துக் காய்ச்சினால் ஜெல் நன்றாக உறைகிறது என்பதையெல்லாம் இனி இந்தக் கரையிலேயே, அன்றன்றைக்கே பார்க்கலாம். குப்பியைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏறவேண்டாம்!

இந்த இடத்தில் ஒரு ரகசியம் சொல்லியாக வேண்டும். நாளெல்லாம் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்த விஷயம் இது. அந்த வில்லையிலும் கருவியின் இதயத்திலும் இருக்கிற புரோமின் எங்கிருந்து வந்தது? 1826இல் மோன்பெலியே என்ற தென்பிரான்ஸ் ஊரில் பலார் என்ற இளைஞர், உப்பளத்தில் உப்பு எடுத்தபிறகு மிஞ்சிய கசப்பு நீரில் அதைக் கண்டுபிடித்தார். கடற்பாசிச் சாம்பலிலும் கண்டார்! கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் புரோமைடு இருக்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கிறதே, நெய்தல் என்ற பெயரில் கடைகளில் விற்கிறதே, அந்தப் பாத்திகளில் உப்பு வாரியபின் தேங்கும் கசப்பு நீருக்குள்ளும் அதே புரோமைடுதான். இந்தியாவில் புரோமின் எடுப்பது இன்று பெரும்பாலும் கட்ச் பக்கம். ஆனால் மூலம் ஒன்றுதான். கடலிலிருந்து எடுத்த உப்பால் கருவிக்கு இதயம் செய்து, அதே கடலின் பாசியைப் படிக்கிறோம்.

நம் நாட்டில் நிறமாலை ஆராய்ச்சிக்கு வழிகாட்டியதும் கடல்தானே! 1921இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய நார்குண்டா கப்பலில், சட்டைப்பையில் ஒரு நிக்கோல் பட்டகத்தோடு, மத்தியதரைக் கடல் ஏன் இத்தனை நீலம் என்று பார்த்துக்கொண்டே வந்தார் ராமன். வானத்தின் பிரதிபலிப்பைப் பட்டகத்தால் விலக்கிப் பார்த்தார், நீலம் குறையவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1928 பிப்ரவரி 28, கல்கத்தாவில் ராமன் விளைவு. அந்த நாட்களில் தோளோடு தோள் நின்று உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது வத்திராயிருப்பில். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் வெகுகாலம் இருந்த ஊர் அது. அவர்களிடம் இருந்தது பாதரச விளக்கும் லண்டன் ஹில்கர் கம்பெனியின் சின்ன குவார்ட்ஸ் நிறமாலை வரைவியும்தான். ராமன் முறைக்கு ஒரு தனி அருள் உண்டு. அகச்சிவப்புக்குத் தண்ணீர் இருட்டுச் சுவர். ராமனுக்குத் தண்ணீர் ஏறக்குறையக் கண்ணாடி. ஈரப் பாசியைக் காயவைக்காமல், அரைக்காமல், கடலிலிருந்து எடுத்த கையோடு படிக்கலாம். பச்சையம் ஒளிர்ந்து குறுக்கே வரும், அதைத் தவிர்க்க 1064 நானோமீட்டர் லேசர் வேண்டும். துறையின் அடுத்த விண்ணப்பத்தில் அது இருக்கிறது. கிடைக்கட்டும் என்று நான் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

அதற்கும் மேலே பெரிய கனவு ஒன்று: என்எம்ஆர், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி. அது லட்சங்களில் அடங்காது, கோடிகளில் வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழக வேதியியல் பள்ளியிலிருந்து வெளியான கட்டுரைகளின் கடைசி வரிகளைப் புரட்டினால், உயர்நுட்ப என்எம்ஆர் வாங்க அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஐஆர்எச்பிஏ திட்டத்தில் நிதி தந்ததற்கு நன்றி என்று டெல்லிக்கு ஒரு வரி இருக்கும். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் 9.4 டெஸ்லா காந்தம். மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கியே கிடக்கும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் உறை. ஹீலியம் சில மாதங்களுக்கொருமுறை, நைட்ரஜன் வாரா வாரம் ஊற்றியாக வேண்டும். தீபாவளி வாரத்திலும் மாணவர்கள் முறைபோட்டு ஊற்றுவார்கள். தரையில் ஐந்து காஸ் எல்லைக்கோடு போட்டிருக்கும். ஏடிஎம் கார்டும் கைக்கடிகாரமும் கோட்டுக்கு அந்தப்பக்கம் வரக்கூடாது. கராகீனனை அதில் படிக்கவேண்டுமென்றால் குழாயைச் சூடாகவே வைத்திருக்கவேண்டும், ஆறினால் உள்ளேயே உறைந்துவிடும். கப்பாவின் புரோட்டான் 5.1 பிபிஎம் அருகே நிற்கும், அயோட்டாவினுடையது 5.3 அருகே. அவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டத்தான் அந்த மாபெரும் குளிர் குடம்.

எல்லாக் கல்லூரிக்கும் அது வராது, வரவும் வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையத்தளத்தில், நாட்டின் எந்த மூலையில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி முறை பதிவு செய்யலாம். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஐஆராவது எல்லாக் கரையிலும் இருக்கவேண்டும் என்பேன். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை நிறுத்திவைத்த மண்டபம் முகாமில்தான் கடல் மீன்வள ஆய்வு நிலையம் வெகுகாலம் தலைமையிடம் கொண்டிருந்தது. இந்த மண்ணில் கடலைப் படிக்கும் ஆசை பழையது. பிள்ளைகள் படிக்கும் அறையிலேயே கருவி இருக்கும்போது கேள்வியின் ஆயுள் கூடுகிறது. கேள்வி கேட்ட அன்றைக்கே விடை வந்தால், அன்றைக்கே இன்னொரு கேள்வி கேட்கலாம்.

மணி நாலரை. இன்ஜினியர் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார். லட்டு பங்கிட்டாயிற்று, அறைக்கு வெளியேதான். சுவரில் மாட்டிய மீட்டர் உள்ளே ஈரப்பதம் 42 என்கிறது, வராந்தாவில் 81. கருவியின் பக்கவாட்டுச் சின்ன ஜன்னலுக்குள் சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாக இருக்கின்றன. ஈரம் குடித்தால் அவை இளஞ்சிவப்பாகும். அப்போது வெளியே எடுத்து ஓவனில் 110 டிகிரியில் வைத்தால் மறுபடி நீலமாகும். யார் எந்தக் கிழமை பார்ப்பது என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள் நம் மாணவி. திங்கட்கிழமைக்கு நேராகத் தன் பெயர். மற்ற கிழமைகளுக்கு அடித்துக்கொண்டு பெயர் எழுதுகிறார்கள் முதலாண்டுப் பிள்ளைகள்.

நாமும் கிளம்புவோம். போகும்போது கதவை நன்றாகச் சாத்திவிடுங்கள், கச்சான் எழும்பிவிட்டது.